பட்டறையிலிருந்து பட்டத்துக்கு: நடுவயதில் ஒரு பொறியியல் தேர்வு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கையேடுகளில் ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரண்டு இளநிலைப் பட்டங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று இயந்திரப் பொறியியல். மற்றொன்று இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம். இரண்டும் நான்காண்டுப் படிப்புகள். இரண்டிலும் வெப்ப இயக்கவியலும் பொருள்களின் வலிமையும் பாய்ம இயக்கவியலும் பாடங்களாக உண்டு. இரண்டையும் முடித்தவர்கள் பல ஆலைகளில் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைத் திருத்துகிறார்கள். ஆயினும் பொறியாளர் உரிமம், கூட்டாட்சி அரசின் வேலை, முதுநிலைச் சேர்க்கை என்று சில இடங்களில் இவ்விரண்டும் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வருபவர் இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்துவிட்டாலும் துறையை மாற்றிக்கொள்ள அவருக்குக் காலம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு லேத்திலோ கப்பல் என்ஜின் அறையிலோ கழித்துவிட்டு, வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளுமாகப் படிக்க வருபவருக்கு அந்த வசதி இல்லை. எனவே, இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கமான கேள்வியைக் காட்டிலும், எஞ்சியிருக்கும் காலத்துக்குள் எதை முடிக்க முடியும், முடித்தபின் எந்தக் கதவு திறக்காது என்ற கேள்விகளே அவருக்கு முதன்மையானவை.

இந்தியாவில் பி.இ., பி.டெக். ஆகிய இரண்டும் நடைமுறையில் ஒரே தகுதியாகக் கொள்ளப்படுவதால், அமெரிக்கப் பிரிவினையையும் அதுபோன்ற பெயர் வேறுபாடாகத் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அது அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளின் தரத்தை ஆராய்ந்து அங்கீகாரம் வழங்கும் அமைப்பு ஏபெட் எனப்படுவது. 1932-இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1980-இல் பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய இரண்டையும் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. இதற்குள் பொறியியலுக்கு ஓர் ஆணையமும் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு வேறோர் ஆணையமும் தனித்தனி அளவுகோல்களோடு இயங்குகின்றன. ஒரு கல்லூரி "எங்கள் படிப்பு ஏபெட் அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரம் செய்யும்போது, எந்த ஆணையத்தின் அங்கீகாரம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிச் செய்தியே சொல்லப்பட்டிருக்கிறது.

படிக்க வருபவர் யார்

கல்விப் புள்ளிவிவரங்களுக்கான அமெரிக்கத் தேசிய மையம் "வழக்கத்துக்கு மாறான மாணவர்" என்பவரை ஏழு அடையாளங்களால் வரையறுக்கிறது. பள்ளி முடித்த ஆண்டிலேயே கல்லூரியில் சேராதிருத்தல், பகுதிநேரமாகப் படித்தல், வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துக்கொண்டே படித்தல், நிதியுதவிக் கணக்கில் பெற்றோரைச் சாராதிருத்தல், வாழ்க்கைத் துணை அல்லாத பிறரைப் பராமரிக்கும் பொறுப்பு, துணையின்றிப் பிள்ளை வளர்த்தல், முறையான பள்ளிச் சான்றிதழ் இல்லாதிருத்தல் ஆகியவை அவை. இவற்றில் நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால், அவர் பெரிதும் வழக்கத்துக்கு மாறானவர் என்று வகைப்படுத்தப்படுகிறார். 2011-12 கல்வியாண்டில் இளநிலை மாணவர்களுள் சுமார் 74 விழுக்காட்டினரிடம் இவற்றில் ஒன்றேனும் இருந்ததாக அதே மையம் கணக்கிட்டது. நான்கில் மூன்று பேர் வழக்கத்துக்கு மாறானவர்கள் என்றால், வழக்கம் என்பதே கால அட்டவணை போட்டவர்களின் மனத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று கருத வேண்டும்; ஏனெனில், பொறியியல் வகுப்புகள் இன்னமும் பெரும்பாலும் பகல் பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்குமே நடக்கின்றன.

இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பத்தைத் தேடி வரும் நடுவயதினருள் சில வகையினர் மீண்டும் மீண்டும் தென்படுகிறார்கள். கடைசல் இயந்திரத்திலும் கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரத்திலும் தேர்ந்த இயந்திரப் பணியாளர்கள், கடற்படையிலும் விமானப் படையிலும் பராமரிப்புப் பணி செய்து ஓய்வுபெற்றவர்கள், ஆலைப் பராமரிப்புத் தொழிலாளர்கள், வரைவாளர்கள் ஆகியோர் அவர்கள். இவர்களுக்குப் பொதுவான குறை ஒன்றுண்டு. ஆலையில் வரும் சிக்கலுக்குத் தீர்வு சொல்பவர்கள் இவர்களாகவே இருந்தாலும், அந்தத் தீர்வைத் தாளில் எழுதிக் கையொப்பமிடும் பதவிக்குப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாததால், தாம் பழக்கிவிட்ட இளம் பொறியாளருக்குக் கீழேயே இவர்கள் பணியாற்ற நேர்கிறது.

ஒரு துறை இரண்டாகப் பிரிந்த கதை

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு; அதை அறிந்தால் இரண்டு பாடத்திட்டங்களின் இயல்பும் விளங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகளில் வரைபடம், வார்ப்பு, கடைசல், அளவீடு ஆகியவை பாடத்தின் நடுநாயகமாக இருந்தன. போர்க்காலத்தில் ரேடார் போன்ற கருவிகளை உருவாக்கும் பணியில் பொறியாளர்களைவிட இயற்பியலாளர்களே முன்னின்றது கல்வியாளர்களை உறுத்தியது. பொறியியல் கல்விக்கான அமெரிக்கச் சங்கம் எல்.ஈ. கிரிண்டர் தலைமையில் அமைத்த குழு 1955-இல் அளித்த அறிக்கை, கணிதத்தையும் அடிப்படை அறிவியலையும் பொறியியல் அறிவியல் பாடங்களையும் வலுப்படுத்த வேண்டும் என்றது. அக்குழுவின் முன்வரைவில், பொறியியல் படிப்பை அறிவியல் சார்ந்த ஒன்றாகவும் பொதுத்தொழில் சார்ந்த ஒன்றாகவும் இரண்டாகப் பிரிக்கலாம் என்ற யோசனை இருந்தது. கல்லூரிகள் எதிர்த்ததால் இறுதி அறிக்கையில் அது கைவிடப்பட்டது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அறிவியல் பக்கம் சாய்வது மேலும் விரைந்தது. பட்டறை வகுப்புகள் குறைந்தன.

ஆலைகளின் தேவை குறையவில்லை. கல்லூரிகள் கைவிட்ட இடத்தை அதுவரை ஈராண்டுச் சான்றிதழ் அளித்துவந்த தொழில்நுட்ப நிலையங்கள் நிரப்பத் தொடங்கின. 1960-களில் அவற்றின் படிப்புகள் நான்காண்டுப் பட்டங்களாக வளர்ந்தன. பர்டூ பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பப் பள்ளி 1964-இல் தனியாக அமைந்தது. இன்று அது பர்டூ பாலிடெக்னிக் நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது. ஓரிகன் மாநிலத்தின் கிளாமத் ஃபால்ஸ் நகரில் 1947-இல் தொடங்கிய ஓரிகன் தொழில்நுட்ப நிலையம், போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்குத் தொழில் கற்பிப்பதற்கென்றே, படையினர் விட்டுச்சென்ற மருத்துவ முகாமில் உருவானது. ஆக, வெளிப்படையாகப் பிரிக்க வேண்டாம் என்று 1955-இல் கைவிடப்பட்ட யோசனை பத்தே ஆண்டுகளில் வேறு கட்டடத்தில், வேறு பெயரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதோடு இந்தப் பட்டம் தோன்றிய நாளிலிருந்தே வேலை பார்த்துவிட்டு வந்த வயதுவந்தோருக்குப் பழகிய இடமாகவும் இருந்து வந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு ஷாஃப்டின் தோளில்

பாடத்திட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் "கோட்பாடு", "செய்முறை" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகின்றன. உண்மையான வேறுபாட்டை ஒரே ஓர் இயந்திர உறுப்பில் வைத்துப் பார்க்கலாம். சுழலும் ஷாஃப்ட் ஒன்று 40 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 30 மில்லிமீட்டருக்குக் குறையும் இடத்தில், பேரிங்கைத் தாங்க ஒரு தோள் அமைகிறது. அந்தத் தோளின் உள்மூலை கூர்மையாக விடப்பட்டால், ஷாஃப்ட் பெரும்பாலும் அங்கிருந்துதான் விரிசல் விடும். அனுபவமுள்ள இயந்திரப் பணியாளர் எவருக்கும் இது தெரியும். வரைபடத்தில் குறிக்காவிட்டாலும் மூலையை வளைத்துவிடுவார்.

அவருக்குத் தெரியாதது எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதும் ஏன் என்பதும். பரப்பின் ஒவ்வோர் அலகிலும் செயல்படும் உள்விசைக்குத் தகைவு என்று பெயர். வடிவம் திடீரென மாறும் இடத்தில் அந்தத் தகைவு ஒரு புள்ளியில் குவிவதைத் தகைவுச் செறிவு என்பர். மேற்சொன்ன ஷாஃப்டில் மூலையின் வளைவு ஆரம் 1 மில்லிமீட்டராக இருந்தால், வளைவிசையின்கீழ் அங்கே தகைவு கணக்கிட்ட அளவைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலே ஏறும். ஆரத்தை 3 மில்லிமீட்டராக்கினால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும். தொழில்நுட்பப் படிப்பின் மாணவர் இந்த எண்ணை வரைபடத்தில் படித்தெடுத்து, அதைச் சோர்வு முறிவுக் கணக்கில் இட்டு, பேரிங்கின் உள்வளையம் அந்த வளைவின்மேல் ஏறிவிடாமல் அளவைத் தீர்மானித்து, ஆய்வகத்தில் திரிபுமானி ஒட்டி விடையைச் சரிபார்க்கிறார். பொறியியல் மாணவரும் அதே வரைபடத்தைப் பயன்படுத்துகிறார்; ஆனால் அதற்கு முன்பே வளையும் சட்டத்தின் சமன்பாட்டைச் சமநிலை விதிகளிலிருந்து தருவித்து, வகைக்கெழுச் சமன்பாடுகளின் வழியாகத் தகைவு பரவும் முறையை ஆராய்ந்து, அந்த வரைபடம் எந்த எல்லைக்குள் பொருந்தும் என்ற கேள்வி வரை போகிறார்.

இரண்டு வகுப்புகளின் மனப்பாங்கையும் அவற்றின் பாடநூல்களே காட்டிவிடும். பொறியியல் துறைகளில் 1963 முதல் பல பதிப்புகளாக நிலைத்திருப்பது ஷிக்லியின் இயந்திரப் பொறியியல் வடிவமைப்பு நூல். தொழில்நுட்பத் துறைகளில் பரவலாகப் பயில்வது டேட்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மாட் எழுதிய இயந்திர உறுப்புகள் நூல். மாட் ஒரு கியர் பெட்டியை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வோர் உறுப்பையும் படிப்படியாகத் தேர்ந்து முடிக்கும் வழியைக் காட்டுகிறார்; ஷிக்லி தோல்விக் கோட்பாடுகளில் நின்று நிதானித்து நகர்கிறார். வழக்கமான கியர் பெட்டிக்கு மாட் போதும், வழக்கத்தில் இல்லாத ஒன்றுக்கு ஷிக்லியின் பாதை வேண்டும் என்பது ஓரளவு நியாயமான மதிப்பீடு. உலகில் செய்யப்படும் கியர் பெட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை வழக்கமானவையே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணிதச் சங்கிலியும் காலக் கணக்கும்

நடுவயது மாணவரின் தேர்வைத் தீர்மானிப்பது பாடத்தின் ஆழம் அன்று, பாடங்களின் வரிசை. பொறியியல் பட்டத்தில் நுண்கணிதம் மூன்று பருவங்கள், அதன்பின் வகைக்கெழுச் சமன்பாடுகள் ஒரு பருவம் என்று நான்கு படிகள் உண்டு. ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் ஏற முடியாது. விசைகளின் சமநிலையை ஆராயும் நிலையியல் பாடமே முதல் நுண்கணிதத்தையும் நுண்கணிதம் சார்ந்த இயற்பியலையும் முன்தேவையாகக் கேட்கும். நிலையியலுக்குப் பின்தான் பொருள்களின் வலிமை, அதற்குப் பின்தான் இயந்திர வடிவமைப்பு, அதற்கும் பின்தான் இறுதியாண்டுத் திட்டப்பணி. பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டு கழித்து வருபவர் சேர்க்கையின்போது எழுதும் கணித நிலைத்தேர்வில் பெரும்பாலும் கல்லூரி இயற்கணிதத்தில் வந்து நிற்கிறார். இயற்கணிதம் ஒரு பருவம், திரிகோணமிதியும் நுண்கணித முன்பாடமும் மற்றொரு பருவம் என்று சங்கிலி ஆறு பருவங்களாக நீள்கிறது. கையில் பணமிருந்தாலும் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தாலும் இந்தச் சங்கிலியைச் சுருக்க முடியாது; ஒரு பருவத்தில் ஒரு கணுவைத்தான் கடக்கலாம்.

தொழில்நுட்பப் பட்டத்தில் அந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழாக இருக்கிறது. வகையீட்டையும் தொகையீட்டையும் பயன்படுத்தும் திறனையோ, இயற்கணிதத்துக்கும் திரிகோணமிதிக்கும் மேற்பட்ட வேறு கணிதத்தையோ இளநிலை மாணவர் பெற வேண்டும் என்பதே அங்கீகார ஆணையத்தின் நிபந்தனை. ஆகவே இங்கே நிலையியலும் பொருள்களின் வலிமையும் இயற்கணிதத்தையும் திரிகோணமிதியையும் மட்டும் கொண்டு முதலிரண்டு ஆண்டுகளிலேயே கற்பிக்கப்படுகின்றன. நுண்கணிதம் பக்கத்திலேயே, பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பருவங்களாக, நடந்துகொண்டிருக்கிறது. ஆலையில் பணியாற்றும் ஒருவர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தம் தொழிலைத் தொடும் பாடத்தைப் படிக்கிறார். படிப்பை இடையில் விட்டுவிடாமல் தொடர்வதற்கு இந்த ஒரு காரணம் எந்த உதவித்தொகைக்கும் குறைந்ததன்று.

இளநிலைப் பட்டத்துக்குச் சுமார் 120 முதல் 130 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பையும், குறைந்தது இரண்டு மணி நேர வீட்டுப் படிப்பையும் குறிக்கும் அலகு. முழுநேர வேலை பார்ப்பவர் ஒரு பருவத்தில் 6 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 18 மணி நேரம் அதற்கே போய்விடும். ஷிப்ட் மாறும் வாரங்களில் அதுவும் தடுமாறும். ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் 12, கோடைப் பருவத்தில் 3 என்று கணக்கிட்டால் 15 கிரெடிட். சுழியத்திலிருந்து தொடங்குபவருக்கு எட்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே ஏற்கெனவே கையில் இருப்பதில் எவ்வளவு கணக்கில் சேரும் என்பதே அடுத்த கேள்வி.

கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரிகள் வழங்கும் இணைப்பட்டங்களில் இரு வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்று வகுக்கப்பட்டது ஒன்று. நேராக வேலைக்குப் போவதற்கென்று வகுக்கப்பட்ட செயல்முறை இணைப்பட்டம் மற்றொன்று. இயந்திரப் பணியாளர்கள் முடித்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. பொறியியல் துறை அதிலுள்ள பட்டறைப் பாடங்களையும் வரைவுப் பாடங்களையும் பொதுவாக ஏற்காது. ஆங்கிலம், சமூக அறிவியல் போன்ற பொதுப்பாடங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதை விட்டுவிடும். தொழில்நுட்பத் துறைகள் பல, அதே இணைப்பட்டத்தின் மேல் இரண்டாண்டைச் சேர்த்து முடிக்கும்படியே தம் படிப்பை அமைத்திருக்கின்றன. முழு இணைப்பட்டமும் சேர்ந்தால் எட்டு ஆண்டு நான்காகக் குறைகிறது. எனவே இரண்டு பட்டங்களுக்கும் இடையிலான உண்மையான இடைவெளி, பகுதிநேர மாணவர் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் அளவுக்குப் போகக்கூடும். நாற்பது வயதுக்காரர் எதைத் தேர்ந்தாலும் இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டுதான் தேர வேண்டும்.

படைப்பணியில் பெற்ற பயிற்சிகளை அமெரிக்கக் கல்விக் கழகம் மதிப்பிட்டு, இத்தனை கிரெடிட்டுக்கு ஈடு என்று பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரைகள் படைகளின் கூட்டுச் சான்றுப் பட்டியலில் இடம்பெறும். பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். நார்ஃபோக் கடற்படைத் தளத்தின் அருகிலேயே உள்ள ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகம்போல, படைவீரர்களை நெடுங்காலமாகச் சேர்த்துவரும் இடங்களில் இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில் என்ஜின் அறையில் கழித்த ஆறு ஆண்டுகள் உடற்பயிற்சிப் பாடத்துக்கான இரண்டு கிரெடிட்டாகச் சுருங்கிவிடலாம்.

பணம்

மத்திய நிதியுதவி விண்ணப்பத்தில் 24 வயது நிரம்பியவர் பெற்றோரைச் சாராதவராகக் கருதப்படுகிறார். ஆகவே பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. குறைந்த வருமானத்தாருக்கான பெல் உதவித்தொகை 2024-25-இல் அதிகபட்சம் 7,395 டாலர். பகுதிநேரம் படித்தால் அதற்கேற்பக் குறையும். தொழிலாளியின் கல்விக் கட்டணத்தை நிறுவனமே செலுத்தினால் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அவருடைய வருமான வரிக் கணக்கில் சேராது. பல ஆலைகளின் கல்வி உதவித் திட்டம் சரியாக இந்தத் தொகையில் வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. படைவீரர்களுக்கு 2009 முதல் நடைமுறையில் உள்ள ஜிஐ பில் சட்டம் 36 மாதப் படிப்புக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் வீட்டு வாடகைப் படியையும் தருகிறது. ஆனால் பாதிநேரத்துக்கு மேல் படித்தால்தான் வாடகைப் படி உண்டு. எல்லாப் பாடங்களையும் இணையவழியில் மட்டும் எடுப்பவருக்குத் தேசியச் சராசரியில் பாதியே கிடைக்கும். வாரம் ஒரு நாளாவது நேரில் போகும் வகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் படைவீரர்களிடையே இருக்கிறது.

இலாப நோக்கில் நடந்த தொழிற்கல்லூரிகளின் கதையையும் இங்கே குறிக்காமல் விடலாகாது. மாலை வகுப்பு, உடனடிச் சேர்க்கை என்று வேலை பார்ப்பவர்களையே குறிவைத்து நாடெங்கும் கிளை விரித்திருந்த ஐடிடி தொழில்நுட்ப நிலையம், மத்திய உதவித்தொகை பெறும் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கல்வித் துறை தடை விதித்ததைத் தொடர்ந்து 2016 செப்டம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டது. அங்கே பெற்ற கிரெடிட்டுகளை அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏற்கவில்லை. 2022-இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கடனைத் தள்ளுபடி செய்தது. கடன் நீங்கியது. மாலை நேரங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

திறக்காத கதவுகள்

தொழில்நுட்பப் பட்டத்தை விற்பவர்கள் குறைத்துச் சொல்வதும், அதை இகழ்பவர்கள் மிகைத்துச் சொல்வதும் உரிமம் பற்றியதே. அமெரிக்காவில் பொறியாளர் உரிமம் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம், 110 வினாக்கள் கொண்ட அடிப்படைத் தேர்வு, குறித்த ஆண்டு அனுபவம், அதன்பின் தொழில்முறைத் தேர்வு என்பது பொது வழி. தொழில்நுட்பப் பட்டதாரியை எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சில மாநிலங்கள் அவருக்குக் கதவையே அடைத்துவைத்திருக்கின்றன, பல மாநிலங்கள் கூடுதல் அனுபவம் கேட்டு அனுமதிக்கின்றன. டெக்சஸ் மாநிலம் பொறியியல் பட்டதாரியிடம் நான்கு ஆண்டு அனுபவம் கேட்கும் இடத்தில் தொழில்நுட்பப் பட்டதாரியிடம் எட்டு ஆண்டு கேட்கிறது. கலிபோர்னியா மொத்தம் ஆறு ஆண்டுத் தகுதிக்காலம் கேட்டு, பொறியியல் பட்டத்தை அதில் நான்கு ஆண்டாகவும் தொழில்நுட்பப் பட்டத்தை இரண்டு ஆண்டாகவும் கழித்துக்கொள்கிறது. எந்த மாநிலத்தில் வாழப்போகிறார் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்திருப்பது நடுவயதினருக்கு இங்கே ஒரு வசதி. அந்த ஒரு மாநிலத்தின் விதியை மட்டும் அவர் படித்துக்கொண்டால் போதும்.

அந்த உரிமம் யாருக்குத் தேவை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டடங்களின் குளிர்பதன வசதி, கொதிகலன், குழாய் அமைப்பு ஆகியவற்றுக்கான வரைபடங்களை அரசு அலுவலகத்தில் முத்திரையிட்டுக் கொடுக்க உரிமம் வேண்டும். ஆலையில் பொருள் உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்குள் வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே விலக்கு அளிக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர்களுள் பெரும்பான்மையினர் உரிமம் இன்றியே தொழில் நடத்துகிறார்கள். கட்டட ஆலோசனை நிறுவனம் தொடங்கும் கனவு உள்ளவர் எத்தனை ஆண்டு கூடுதலாக ஆனாலும் பொறியியல் பட்டத்தையே படிப்பது நல்லது. விமான உதிரிபாக ஆலையில் செயல்முறைப் பொறியாளராக உயர விரும்புபவர் அதற்காக நான்கு ஆண்டு கூடுதலாகச் செலவிட்டால், அவர் வாங்குவது தமக்குத் தேவையில்லாத ஒரு கதவின் சாவி.

கூட்டாட்சி அரசின் பொறியாளர் பணிகளில், தொழில்நுட்பப் பட்டம் இயற்பியல், வேதியியல் பட்டங்களோடு சேர்த்துத் தொடர்புடைய பட்டம் என்ற வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது ஓராண்டுத் தொழில்முறை அனுபவம் இருந்தால் அது ஏற்கப்படலாம். முதுநிலைப் பொறியியலில் சேர விரும்புபவரிடம் விடுபட்ட கணிதப் பாடங்களை முதலில் முடித்துவருமாறு துறைகள் கேட்பதுண்டு. அதாவது, தாண்டிவந்ததாக நினைத்த கணிதச் சங்கிலி சிலருக்குப் பட்டத்துக்குப் பின் காத்திருக்கிறது.

ஊதியப் புள்ளிவிவரத்தில் ஒரு பொறி உண்டு. தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் அண்மைக் கணக்குகளில் இயந்திரப் பொறியாளரின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டியும், இயந்திரத் தொழில்நுட்பவியலாளர் மற்றும் தொழில்நுட்பப் பணியாளர் என்ற பிரிவின் ஊதியம் அறுபதாயிரத்துச் சொச்சமாகவும் இருக்கிறது. இதைக் கண்டு அஞ்சித் தொழில்நுட்பப் பட்டத்தை விட்டவர்கள் உண்டு. ஆனால் இரண்டாவது பிரிவில் நிறைந்திருப்பவர்கள் ஈராண்டு இணைப்பட்டத்தினர். நான்காண்டுத் தொழில்நுட்பப் பட்டம் பெற்றுப் பொறியாளர் பதவியில் அமர்ந்தவர், முதல் பிரிவில் எண்ணப்படுகிறார். பட்டத்தின் பெயரைப் பார்த்து அன்று, செய்யும் வேலையைப் பார்த்தே அந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது.

வேலை கொடுப்பவர் தரப்பில் சிக்கல் வேறு மாதிரியானது. தேசியப் பொறியியல் அகாதெமி 2017-இல் நூலாக வெளியிட்ட விரிவான ஆய்வு, நிறுவனங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு பட்டம் இருப்பதே தெரியாது என்பதையும், இரண்டு பட்டதாரிகளையும் வேலைக்கு எடுப்பவர்கள் பொறுப்புகளைப் பெரிதாக வேறுபடுத்துவதில்லை என்பதையும் சுட்டியது. அனுபவமில்லாத இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியை இந்த அறியாமை பாதிக்கும். கணினி வழி விண்ணப்பங்களை வடிகட்டும் முதல் கட்டத்திலேயே அவர் விடுபடக்கூடும். பதினைந்து ஆண்டு ஆலை அனுபவம் உள்ளவரை, குறிப்பாகத் தம் நிறுவனத்துக்குள்ளேயே பதவி உயர்வுக்காகப் படிப்பவரை, அது அவ்வளவாகத் தொடுவதில்லை. இந்தப் பட்டத்தின் பலவீனம் மிகக் குறைவாக உறைப்பது யாருக்கு என்று கேட்டால், வழக்கத்துக்கு மாறான மாணவருக்கே என்றுதான் சொல்ல வேண்டும்.

டிப்ளமாவோடு வருபவர்கள்

தமிழ்நாட்டில் இயந்திரவியல் டிப்ளமா முடித்து, பின்னர் வாழ்க்கைத் துணையின் வேலையாலோ குடும்ப வழியாலோ அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கும் இந்தப் பட்டம் பொருத்தமாகத் தோன்றும். வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு வழங்கப்படும் எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் டிப்ளமா பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்ற பழக்கத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். டிப்ளமா பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு என்பதால், அயல்நாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை மேல்நிலைப் பள்ளிப் படிப்புக்கு ஈடாக எண்ணி, மிச்சத்துக்கு மட்டும் கல்லூரி கிரெடிட் தர முற்படுகின்றன. மொத்த ஆண்டுகளை மட்டும் எண்ணும் மதிப்பீட்டைவிட, பாடம் பாடமாக எடுத்து மதிப்பிடும் விரிவான அறிக்கை இவர்களுக்குக் கூடுதல் கிரெடிட்டைப் பெற்றுத்தர வல்லது.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொறியாளர் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989-இல் உருவானது. இந்தியா 2014-இல் அதன் முழு உறுப்பினரானது. அமெரிக்கத் தொழில்நுட்பப் பட்டம் அந்த உடன்படிக்கையின் கீழ் வருவதில்லை. தொழில்நுட்பவியலாளர்களுக்கென்று 2001-இல் ஏற்பட்ட சிட்னி உடன்படிக்கையின் கீழ் வருகிறது. ஆகவே இந்தியாவில் பி.இ. கேட்கும் அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ இதைக் காட்ட நினைப்பவர், சேர்வதற்கு முன்பே சமநிலைச் சான்று கிடைக்குமா என்று எழுதிக் கேட்டுப் பெறுவது நலம். படிப்பைத் தொடங்க முடிவு செய்தவர்களோ, மதிப்பெண் பட்டியலோடு, தாம் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்ட நகலையும், ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேரப் பட்டறைப் பயிற்சி என்ற விவரத்தையும் கல்லூரி முதல்வரின் கையொப்பத்துடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால், பழைய நகலைத் தேடிப் பெறுவதற்கே மாதங்கள் பிடிக்கும். விமானம் ஏறுவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய வேலை அது.